சந்தை நாளைக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஈக்வடார் நாட்டு மலைப்பகுதியைச் சுற்றிப் பார்க்க நீங்களும் உங்கள் துணைவியாரும் கிளம்பப்போகிறீர்கள் என்று படித்தபோது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஸ்பானிஷ் தெரியாது, டிரைவரோடு ஒரு கார் அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறார், பஸ்ஸிலேயே போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அந்த மலைநாட்டைப் பார்க்க அதுதான் சரியான வழி என்றும் நம்புகிறேன். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகனிடமும் காட்டுங்கள்.

முதலில் நிலத்தின் அமைப்பு. ஈக்வடாரில் ஆண்டிஸ் மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக இரண்டு வரிசையாக ஓடுகிறது. நடுவே நீண்ட பள்ளம். அந்தப் பள்ளத்தையும் அங்கங்கே குறுக்கு மலைகள் மறித்துத் தனித்தனிப் படுகைகளாகப் பிரித்துவிடுகின்றன. ஓர் ஏணியைத் தரையில் படுக்க வைத்தால் எப்படியோ அப்படி. இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு படுகையிலும் ஒரு பெரிய ஊர்: இபாரா, கீட்டோ, லாட்டகுங்கா, அம்பாட்டோ, ரியோபாம்பா, க்வென்கா, லோஹா. பள்ளம் என்று சொன்னேனே தவிர, தலைநகரான கீட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான். பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை இந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. பஸ் ஒரு குறுக்கு மலையில் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும், அடுத்த ஊர் வந்துவிடும். பயணம் முழுவதும் இதே கதைதான்.

இந்த நடுச்சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. கீட்டோவின் தெற்குக் கோடியில் இருக்கும் கிட்டும்பே டெர்மினலுக்குப் போய் நின்றால் போதும். வரிசையாக டிக்கெட் ஜன்னல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர். லாட்டகுங்காவுக்கும் அம்பாட்டோவுக்கும் நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்றாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். முன்பதிவு வேண்டாம். சில சென்ட் டெர்மினல் கட்டணம் கட்டி, தடுப்பைக் கடந்து உள்ளே போனால், கண்டக்டர் பையன்கள் ஊர்ப் பெயரை மூச்சுவிடாமல் மூன்று நான்கு முறை கூவிக்கொண்டு நிற்பார்கள். மொழி தெரியாத உங்களுக்கு அந்தக் கூவலே போதும். போகிற ஊரின் பெயரைத் திருப்பிச் சொன்னால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள்.

தெற்கே போகும்போது இடது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். காலை நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மேல் மேகம் கூடிவிடும். கீட்டோவைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் இடப்பக்கம் கோட்டோபாக்ஸி வரும், 5,897 மீட்டர். உச்சியில் பனி மூடிய, இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. 1877-ல் அது வெடித்தபோது பனி உருகிச் சேற்று வெள்ளமாக இறங்கி லாட்டகுங்காப் பள்ளத்தாக்கைப் புரட்டிப்போட்டது. நீங்கள் போகும் சாலை அந்தச் சேறு ஓடிய நிலத்தின் மேல்தான் போகிறது. 2015-லும் அது புகையும் சாம்பலும் கக்கியது. அம்பாட்டோவைத் தாண்டியதும் வலப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். அங்கே சிம்போராசோ, 6,263 மீட்டர். 1802-ல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் ஏறிப்பார்த்து உச்சியை எட்டாமல் திரும்பிய மலை. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிடத் தூரமாக நிற்பது இதன் உச்சிதான்.

பஸ்களை ஓட்டுவது யார் என்பதைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் தானாகப் புரியும். இந்த மலை ஊர்களுக்கிடையே ஓடும் பஸ்கள் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களுடையவை. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இன்ன நேரத்தில் என்று வழித்தட அனுமதி சங்கத்தின் பெயரில் இருக்கும். வண்டி மட்டும் உறுப்பினருக்குச் சொந்தம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பஸ். சில வண்டிகளில் முதலாளியே டிரைவர், அவர் மகனோ மருமகனோ கண்டக்டர். கடனில் வாங்கிய வண்டி என்பதால் அதைக் கோயில் மாதிரி வைத்திருப்பார்கள். முன் கண்ணாடிக்கு மேல் கன்னி மரியாளின் படம், ஓரமெல்லாம் குஞ்சம், சுத்தமாகத் துடைத்த தரை. வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும், சங்கத்தில் அந்த வண்டிக்கு உரிய வரிசை எண். ஏறும்போதே அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதையாவது வண்டியில் விட்டுவிட்டு இறங்கினால், சங்கத்தின் ஜன்னலில் அந்த எண்ணைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

டெர்மினலை விட்டுக் கிளம்பிய பஸ் ஊர் எல்லையில் ஆமை வேகத்தில் ஊர்வதும், ஊரைத் தாண்டியதும் பறப்பதும் ஏன் என்று முதல் நாளே உங்களுக்குக் கேட்கத் தோன்றும். வசூல் அந்தந்த உரிமையாளரின் பைக்கே போகிற வரையில் வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் அவருக்கு வருமானம். முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த ஊரின் ஆட்கள் தனக்குக் கிடைப்பார்கள். இந்தப் போட்டி ஓட்டம் மலைச் சாலையில் உயிர்களைக் குடித்திருக்கிறது. எல்லா வசூலையும் பொதுப் பெட்டியில் போட்டு உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு மாறும்படி அரசு பல ஆண்டுகளாகச் சங்கங்களை வற்புறுத்தி வருகிறது. அப்படிப் பொதுப் பெட்டி வைத்திருக்கும் சங்கத்தின் வண்டியில் அவசரம் குறைவாக இருப்பதை நான் உணர்ந்திருக்கிறேன். டிரைவரின் கெட்டிக்காரத்தனத்தைவிட, வசூல் யார் கைக்குப் போகிறது என்பதுதான் பயணியின் உயிரைக் காக்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நடுச்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பிய கணமே பஸ்ஸின் கணக்கு மாறிவிடும். அங்கே நாளுக்கு இரண்டு, மூன்று வண்டிதான். அவற்றின் நேரத்தைத் தீர்மானிப்பது ஊர்ச் சந்தை. சுற்றுலாப் பயணிக்காக அங்கே பஸ் ஓடுவதில்லை. உருளைக்கிழங்கு மூட்டையோடும் ஆட்டுக்குட்டியோடும் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்காக ஓடுகிறது. ஆகவே வரைபடத்தை எடுக்குமுன் சந்தை நாட்களை எழுதிக்கொள்ளுங்கள். அம்பாட்டோவில் திங்கள். சாகிசிலியிலும் குவாமோட்டேயிலும் வியாழன். சும்பாவாவிலும் ஓட்டவாலோவிலும் சனி. சிக்சோஸில் ஞாயிறு. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தீர்களானால் எந்த ஊரிலும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிராது, ஊரும் முழுக்க விழித்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்வீர்கள்.

உதாரணமாகக் கிலோட்டோவா ஏரிச் சுற்று. அதைப் பற்றித்தான் நீங்களும் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். புதன் இரவு லாட்டகுங்காவில் தங்குங்கள். வியாழன் அதிகாலை சாகிசிலிக்குப் போங்கள், அரை மணிக்குள் பஸ் இறக்கிவிடும். அங்கே சந்தை ஒரே மைதானத்தில் கூடுவதில்லை. பல சதுக்கங்களில் பிரிந்து கூடும். தானியத்துக்கு ஒன்று, துணிமணிக்கு ஒன்று, கோழிக்கும் கினிப் பன்றிக்கும் ஒன்று. கால்நடைச் சந்தை மட்டும் ஊருக்கு வெளியே, இருட்டோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் பாதி முடிந்துவிடும். நான் போன காலத்தில், மற்ற நாட்களில் லாட்டகுங்கா டெர்மினலிலிருந்து சிக்சோஸ் வழியாக, ஏரிச் சுற்றிலுள்ள சுக்சிலானுக்குக் கிளம்பும் வண்டி, வியாழக்கிழமை மட்டும் சாகிசிலிச் சந்தையிலிருந்தே கிளம்பியது. அன்றைக்குப் பயணிகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் வண்டியும் அங்கே. இதைத் தெரியாதவர்கள் டெர்மினலில் நின்று, பஸ் வரவில்லை என்று அலுத்துக்கொள்வார்கள்.

சுக்சிலானிலிருந்து லாட்டகுங்காவுக்கு வண்டி விடியலுக்கு முன் மூன்று, நான்கு மணிக்கே கிளம்பும். இப்படியொரு நேரத்தில் யார் வருவார்கள் என்று நினைக்காதீர்கள், உட்கார இடம் கிடைப்பதே அரிது. எட்டு மணிக்குத் திறக்கும் ஆஸ்பத்திரியிலும் அரசு அலுவலகத்திலும் முதல் ஆளாக நிற்க வேண்டியவர்கள், காலைச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்கள், அன்றே திரும்பி மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட வேண்டியவர்கள் எல்லாரும் அதில்தான். அந்தக் குளிரில் விளக்கில்லாத சாலையோரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவர்களை, வளைவில் விழும் ஹெட்லைட் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போகும். டிரைவருக்கு அத்தனை பேரையும் தெரியும். நிற்க வேண்டியவர் நிற்கவில்லை என்றால் ஹாரன் அடித்துவிட்டு அரை நிமிடம் பார்த்துத்தான் நகர்வார்.

ஏரியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்வாங்கிய எரிமலையின் வாயில் நீர் தேங்கி நிற்கிறது. அகலம் சுமார் 3 கிலோமீட்டர், விளிம்பு 3,900 மீட்டருக்கு மேல், நீர் பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டே இருக்கும். படம் பார்த்திருப்பீர்கள், நேரில் அதைவிட அழகு. விளிம்பில் நின்று பார்த்தால் போதும். கீழே இறங்கினால் திரும்ப ஏறுவது அந்த உயரத்தில் மூச்சை வாங்கிவிடும். கூலிக்குக் கழுதை கிடைக்கும். இந்தச் சாலையில் என் மனசு அதிகம் தங்கியது சும்பாவாவில்தான்.

சும்பாவா ஏரிக்குப் 14 கிலோமீட்டர் முன்னால், ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், காற்று அடித்துக்கொண்டே இருக்கும் சின்ன ஊர். வாரத்தில் ஆறு நாள் வெறிச்சென்று கிடக்கும் சதுக்கம் சனிக்கிழமை சிவப்புப் போன்சோக்களாலும் பச்சைச் சால்வைகளாலும் நிறைந்துவிடும். ஸ்பானிஷ்கூடக் குறைவாகத்தான் காதில் விழும், பேச்செல்லாம் கிச்வாவில். மதியம் சந்தை கலைகிற நேரத்தில் லாட்டகுங்கா பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையன் ஏணி வழியாக மேலே ஏறிவிட்டான். கீழிருந்து ஒருவர் தூக்கித் தர, அவன் வாங்கி அடுக்கினான். உருளைக்கிழங்கு மூட்டை, காலி காஸ் சிலிண்டர், ஒரு கட்டில் சட்டம், வெங்காயத்தாள் கட்டு. அடுத்து ஆடு வந்தது. நான்கு காலும் கட்டி, உடலைச் சாக்குக்குள் நுழைத்து, தலை மட்டும் வெளியே தெரிய. அதற்கு ஓர் ஆள் கட்டணம் கேட்டான் பையன். ஆட்டுக்காரப் பெண்மணி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு, கூரையில் போகிற ஆட்டுக்கு எதற்கு ஆள் கட்டணம், வெயிலும் காற்றும் அது படுகிறது, பாதி தருகிறேன் என்றார். பக்கத்தில் நின்றவர் பாதி ஸ்பானிஷில் எனக்கு விளக்கினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் பாதிக்குத்தான் முடிந்தது.

உள்ளே எனக்கு ஜன்னலோர இடம். அந்தப் பெண்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, இடுப்பில் முடிந்திருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினார். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை. குளிரில் கன்னம் இரண்டும் வெடித்துச் சிவந்திருந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. எண்ணி முடித்ததும் வாங்கிக்கொள்வார் என்று பார்த்தேன். அவரும் தூங்கிவிட்டார். புஹிலி வரும்வரை குழந்தை என்னிடம்தான் இருந்தது. மொழி தெரியாத ஓர் அந்நியனிடம் ஒரு தாய் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கண் அயர்வது அந்த பஸ்ஸுக்குள் சர்வசாதாரணம். உங்கள் மகன் சொல்கிற கார் எவ்வளவு வசதியாக இருந்தாலும் இதை உங்களுக்குத் தராது.

அதே சாலையில் டிகுவா என்ற ஊர் வரும். அங்கே ஹூலியோ தோவாகிசா என்பவர் 1970-களில் ஆட்டுத்தோலில் வண்ணம் தீட்டத் தொடங்கினார். அதற்கு முன் அந்தத் தோல் மத்தளத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பலவும் ஓவியம் தீட்டிப் பிழைக்கின்றன. அறுவடை, திருவிழா, பறக்கும் கழுகு, பின்னால் எரிமலை. சாலையோரத்திலேயே கலைக்கூடம் இருக்கிறது. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி வைத்தால் வாசலில் இறக்கிவிடுவார்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் துணைவியார் கவலைப்பட்டிருக்கிறார். சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்த மலையில் பட்டினி கிடக்க மாட்டார்கள். பஸ்ஸுக்குள்ளேயே எல்லாம் வரும். ஒரு நிறுத்தத்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கும் வியாபாரிகளிடம் அவித்த சோளக்கதிரும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும், வறுத்த சோளத்தோடு கலந்த சோச்சோஸ் பருப்பும், வேகவைத்த மொச்சையும் கிடைக்கும். லாட்டகுங்கா பக்கம் பிஸ்கெட் மாதிரி மொறுமொறுப்பான அல்யூயா ரொட்டியை, இலையில் சுற்றிய பாலாடைக்கட்டியோடு விற்பார்கள். வெள்ளைக் கோட்டும் குல்லாயும் போட்ட பெண்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று கைகாட்டிக் கூப்பிடுவார்கள். சால்செடோவில் பழச்சாறுகளை அடுக்கடுக்காக உறைய வைத்த குச்சி ஐஸ். அல்யூயாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதனால் அதைத் தவிர்த்துவிடுங்கள். உருளைக்கிழங்கு சூப் எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் உண்டு, இறைச்சி வேண்டாம் என்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

ரியோபாம்பாவிலிருந்து குவாரண்டாவுக்குப் போகும் வழியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் சிம்போராசோவின் தோளில் ஏறிப் புல் அரிதாக முளைக்கும் மணல்வெளியைக் கடக்கும். ஒட்டக இனத்தைச் சேர்ந்த விக்குன்யாக்கள் கூட்டம் கூட்டமாக மேயும். அந்நாட்டில் அடியோடு அழிந்துபோன அந்த மிருகத்தை 1988-ல் பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இந்த மலையின் பனிக்கட்டியை வெட்டிக் கழுதையில் ஏற்றி ரியோபாம்பாச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்ற கடைசி மனிதர் பால்தசார் ஊஷ்கா 2024-ல் காலமானார். குவாரண்டாவின் சிவப்புச் சதுக்கத்திலிருந்து சாலினாஸுக்கு வண்டி கிடைக்கும். உப்புக் காய்ச்சிக் கடனில் மூழ்கிக் கிடந்த அந்தக் கிராமம் 1970-களில் கூட்டுறவு தொடங்கி, பாலாடைக்கட்டி, நூல், சாக்லேட் என்று செய்து நிமிர்ந்தது. அங்கே ஓர் இரவு தங்குங்கள்.

ரயில் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. குவாயாகில் துறைமுகத்தையும் கீட்டோவையும் இணைத்த பாதையை அதிபர் எலோய் அல்ஃபாரோ கட்டுவித்தார். அலௌசி அருகே செங்குத்துப் பாறையில் ரயிலை முன்னும் பின்னுமாக இழுத்து ஏற்றும் பாதையை வெட்ட ஜமைக்காவிலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள், பலர் அங்கேயே மாண்டார்கள். 1908 ஜூன் 25-ல் முதல் ரயில் கீட்டோவை அடைந்தது. 1912-ல் அதே ரயிலில் அல்ஃபாரோவைக் கைதியாகக் கீட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். சிறைக்குள் புகுந்த கும்பல் அவரைக் கொன்றது. பிற்காலத்தில் நெடுஞ்சாலையும் வெள்ளச் சேதமும் ரயிலை முடக்கின. பெரும் செலவில் புதுப்பித்தும் 2020-ல் ரயில் நிறுவனத்தையே கலைத்துவிட்டார்கள். ஆகவே பயணத் திட்டத்தை ரயிலை நம்பிப் போடாதீர்கள்.

சாலையும் அங்கே நிரந்தரமல்ல. 2023 மார்ச் 26 இரவு அலௌசியில் மலைச்சரிவு ஒன்று அப்படியே இறங்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலத்தில் விரிசல் கண்டு நெடுஞ்சாலையின் அந்தப் பகுதியைச் சில மாதங்களுக்கு முன்பே மூடியிருந்தார்கள். பஸ்கள் வேறு வழியாகச் சுற்றிப் போயின. மழைக்காலத்தில் ரியோபாம்பாவுக்கும் க்வென்காவுக்கும் நடுவே எப்போதும் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை குறைவு.

சாலை மறியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த எரிபொருள் மானியத்தை 2019 அக்டோபரில் அதிபர் லெனின் மொரேனோ ஒரே உத்தரவில் நீக்கினார். முதலில் பஸ், லாரிச் சங்கங்கள் வண்டியை நிறுத்தின, கட்டண உயர்வு வாக்குறுதி கிடைத்ததும் திரும்ப எடுத்துவிட்டன. பழங்குடி மக்கள் விடவில்லை. சும்பாவா சந்தையில் நான் பார்த்த அதே மாதிரி மனிதர்கள்தான் கோட்டோபாக்ஸி மாகாணத்திலிருந்து கீட்டோவுக்கு இறங்கிப் போனார்கள். அக்டோபர் 13-ல் அரசு பணிந்தது. 2022 ஜூனில் மறுபடியும் மறியலால் 18 நாள் நாடு நின்றது. 2025 செப்டம்பரில் டீசல் மானியம் நீங்கி காலன் 1.80 டாலரிலிருந்து 2.80-க்கு ஏறியபோது மீண்டும் ஒரு மாதம் மறியல். அந்த நாட்களில் பயணிகளுக்கு எரிச்சல் வருவது இயற்கை. ஆனால் சந்தைக்கு மூட்டை கொண்டுபோக ஒரு டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தால் அந்த வாரத்து லாபமே போய்விடும் என்பதை அந்த பஸ்ஸில் போனவர்கள் அறிவார்கள். என் அனுதாபம் மறியல் செய்கிறவர்கள் பக்கம்தான். நீங்கள் போகும்போது மறியல் அறிவித்திருந்தால் முன்கூட்டியே பெரிய ஊருக்கு வந்துவிடுங்கள். மறியலுக்காகச் சாலையில் போட்டிருக்கும் கற்களைத் தாண்டிப் போக முயல வேண்டாம்.

பாதுகாப்புப் பற்றி உங்கள் மகனின் கவலை நியாயமானது. 2024 ஜனவரி 9 அன்று அதிபர் நோபோவா உள்நாட்டு ஆயுத மோதல் நிலவுவதாகவே அறிவித்தார். போதைக் கடத்தல் கும்பல்களின் வன்முறை பெரும்பாலும் கடற்கரை மாகாணங்களில்தான். மலை ஊர்கள் ஒப்பிட்டால் அமைதி. இருந்தாலும் ராத்திரி பஸ் வேண்டவே வேண்டாம். கீட்டோவிலிருந்து க்வென்காவுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். அதை ரியோபாம்பாவில் இறங்கித் தங்கி இரண்டு பகலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலும் வேண்டாம், காலுக்கடியிலும் வேண்டாம். பின் சீட்டிலிருந்து பையைக் கிழிக்கும் திருட்டு அந்த நடுச்சாலையில் பெயர் போனது. உங்கள் இருக்கை இது இல்லை, மேலே வையுங்கள் என்று அக்கறையாக வழிகாட்ட வருகிறவர் சீருடையில் இல்லையென்றால் அசைந்து கொடுக்காதீர்கள்.

பணம் சுலபம். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே அமெரிக்க டாலர்தான் புழக்கம். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் ஒன்றரை டாலர் என்று கணக்கு வையுங்கள். இருபது டாலர் நோட்டைக் கிளைச்சாலை பஸ்ஸில் நீட்டினால் சில்லறை கிடைக்காது. அமெரிக்காவிலேயே அதிகம் புழங்காத பொன்னிற ஒரு டாலர் நாணயம் அங்கே எல்லாக் கையிலும் இருக்கும், அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஏறினால் டிக்கெட்டுக்கு அவசரம் காட்ட வேண்டாம், பாதி வழியில் கண்டக்டர் வந்து வாங்கிக்கொள்வார். டெர்மினல் கழிப்பறைகளில் வாசலில் காசு கொடுத்தால்தான் காகிதம் தருவார்கள். நீண்ட பயணத்துக்கு முன் போய்விடுங்கள், பஸ்ஸில் கழிப்பறை இருந்தாலும் பூட்டியே வைத்திருப்பார்கள்.

முதல் இரண்டு, மூன்று நாள் கீட்டோவை விட்டு நகராதீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். இருவரில் யாருக்காவது ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சுக்சிலான் போன்ற ஊர்களில் அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. உங்கள் மகனின் மனநிறைவுக்காக ஒன்று செய்யலாம். சும்பாவாவிலிருந்து ஏரி வரையிலான தூரத்துக்கு மட்டும் சதுக்கத்தில் நிற்கும் பிக்-அப் வண்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களும் பஸ் இல்லாத நேரத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

முடிக்கும்போது க்வென்காவிலிருந்து குவாயாகிலுக்கு, காஹாஸ் தேசியப் பூங்கா வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் நடுவே 4,100 மீட்டருக்கு மேல் ஏறி, அங்கிருந்து ஒரே இறக்கமாகக் கடல் மட்டத்துக்கு வந்துவிடும். காது அடைக்கும், வாயில் எதையாவது மென்றுகொண்டிருங்கள். ஸ்வெட்டரை எளிதாகக் கழற்றும்படி போட்டுக்கொள்ளுங்கள், கீழே வாழைத்தோட்டமும் புழுக்கமும்தான். மதியத்துக்கு மேல் மேலே மூடுபனி இறங்கிவிடும் என்பதால் காலை வண்டியிலேயே இடம் வாங்குங்கள். குவாயாகில் டெர்மினலும் விமான நிலையமும் அருகருகே இருக்கின்றன. ஊருக்குள் போகாமல் டெர்மினல் டாக்சியில் நேரே விமான நிலையம் போய்விடலாம். அன்று மாலைக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள். நீங்கள் இறங்கும் கிழமையைப் பார்த்து எந்த ஊரில் தொடங்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்